மேடு ஏறிய நஞ்சு

வத்தேகமவிலிருந்து திகனப் பக்கம் இறங்கும் ஒரு கிளை வீதியின் ஓரத்தில் சரிவான காணி ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் அதைப் 'போஸ்ட் யாட்' என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் மலையில் வெட்டிய மரங்களை அங்கே மின்கம்பங்களாக்கினார்கள். பேருந்து நீளமான இரும்பு உருளை ஒன்றுக்குள் மரங்களை அடுக்கி, கதவை இறுக்கி மூடி, செப்பும் குரோமியமும் ஆசனிக்கும் கலந்த மருந்து நீரை அழுத்தத்தோடு உள்ளே விடுவார்கள். மருந்து ஊறிய மரத்தைக் கறையான் தொடாது, மழையில் நின்றாலும் உக்காது. பிறகு கொங்கிறீற் கம்பங்கள் வந்தன. யாட் மூடப்பட்டது. உருளையைப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள். அதன் கீழே வருடக்கணக்காக மருந்து சொட்டிய மண் மட்டும் அங்கேயே கிடந்தது.

அந்தக் காணியைத் திகனவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் மர்சூக் வாங்கினார். மேட்டுப்பக்கத்தில் வீடு கட்டி, மனைவி ஆஸியா உம்மாவோடும் மகள் இல்மாவோடும் குடிவந்தார். கீழே, யாட் இருந்த இடத்தில், ஒரு கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அனுமதி கேட்கப் போனபோது மண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். பரிசோதித்தபோது ஆசனிக் அகப்பட்டது. மண்டப வேலை நின்று, துப்புரவு வேலை தொடங்கியது.

அதற்குப் பொறுப்பாக வந்தவள் கஜாலினி. கோண்டாவிலில் பிறந்து, பேராதனையில் மண்ணைப் பற்றிப் படித்து, கண்டியிலேயே தங்கிவிட்டவள். எதையும் பாதியில் விட அவளுக்கு வராது. ஒரு எண் ஏன் அப்படி வந்தது என்று தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது என்று அவளோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

அவளிடம் துளையிடும் இயந்திரம் போன்ற ஒரு கருவி இருந்தது. அதன் முனையை மண்ணில் வைத்து விசையை அழுத்தினால் மண்ணுக்குள் என்னென்ன உலோகங்கள், எவ்வளவு இருக்கின்றன என்று திரையில் காட்டும். பார்வைக்குத் துப்பாக்கி போல இருந்ததால் மர்சூக் அதற்குத் 'துவக்கு' என்று பெயர் வைத்திருந்தார்.

"மிஸ் யாழ்ப்பாணத்து ஆள். இந்தத் துவக்கத் தூக்கிக்கிட்டு ரோட்டில போனா ஒருத்தரும் நிப்பாட்டுறதில்லையா?" என்று முதல் நாளே கேட்டார்.

"நிப்பாட்டினவை, மர்சூக் நானா. ஒருக்கா ஒரு பொலிஸ்காரர் தன்ர மோதிரத்தைச் சோதிச்சுப் பாக்கச் சொன்னவர். பாதிக்கு மேல செப்பு. பாவம், அவருக்கு ஏன் சொன்னன் எண்டு ஆயிட்டுது."

மர்சூக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து அவள் எங்கே கருவியை வைத்தாலும் பக்கத்தில் வந்து குனிந்து திரையைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று.

உருளை இருந்த குழியை ஹேவாஹெட்டவிலிருந்து வந்த அழகையா தன் பெக்கோ இயந்திரத்தால் தோண்டினார். தோண்டத் தோண்டக் கருவியில் ஆசனிக்கின் எண் குறைந்துகொண்டே வந்தது. செம்மண் தெரிந்த இடத்தில் கஜாலினி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். குழி துப்புரவாகிவிட்டது என்று எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வேலை மிச்சம். நஞ்சு படாத மண் இந்தப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, யாட்டின் பாதிப்பு எட்டாத ஓர் இடத்தில் கருவியை வைக்க வேண்டும். அதற்கு மேட்டைவிட நல்ல இடம் எது? அவள் ஏறிப்போய், வீட்டின் பின்பக்கம், ஆஸியா உம்மாவின் மரக்கறிப் பாத்தி ஓரத்தில் முனையை வைத்து விசையை அழுத்தினாள்.

தோண்டுவதற்கு முன் கீழே குழியில் இருந்ததைவிட மேலே கூடுதலாகக் காட்டியது.

முனையைத் துடைத்துவிட்டு இன்னொரு இடத்தில் வைத்தாள். அதே கதை. கருவி பழுதாகியிருக்கும் என்று, சோதனைக்கென்று பெட்டியில் வைத்திருந்த சுத்தமான மணல் வில்லையில் வைத்துப் பார்த்தாள். கருவியில் பிழையில்லை.

அழகையா இயந்திரத்தை விட்டு இறங்கி வந்தார். "என்ன மிஸ், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"மருந்து கீழ சொட்டினது அண்ணை. மழைத் தண்ணியோட இன்னும் கீழதான் போயிருக்க வேணும். இது மேல இருக்குது."

"தண்ணி எங்கயாச்சும் மேட்டுக்கு ஏறுமா?"

"ஏறாது. அதுதான் விளங்கேல்லை."

மண்ணை ஒரு பையில் போட்டுக் கண்டியிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்து வந்த பதிலும் கருவி சொன்னதையே சொன்னது. ஆசனிக் மட்டும் இருந்திருந்தால் பழைய பூச்சிமருந்து என்று நினைக்கலாம். ஆனால் செப்பும் குரோமியமும் கூடவே இருந்தன. கம்பங்களுக்கு ஏற்றிய அதே மருந்தின் மூன்று சரக்குகள். சந்தேகத்துக்கு இடமில்லை, இது யாட்டிலிருந்து வந்தது. ஆனால் எப்படி வந்தது?

மர்சூக்கிடம் கேட்டாள். "வீடு கட்டேக்க கீழயிருந்து மண் அள்ளி இஞ்ச நிரப்பினீங்களோ?"

"இல்ல மிஸ். மேட்டை வெட்டி அந்த மண்ணத்தான் கீழ தள்ளின. மேல ஒண்ணும் கொண்டு வரல்ல."

"யாட் நடந்த காலத்தில இஞ்ச கம்பங்கள் அடுக்கி வச்சிருப்பினமோ?"

"இது அப்ப தேயிலைக் காடு. எங்க அடுக்குற?"

சிறிய மண்வெட்டியால் பாத்தி ஓரத்தை நேராக வெட்டி இறக்கினாள். ஆஸியா உம்மா குசினி வாசலில் வந்து நின்று, "என்ட கீரப் பாத்தியயும் பெக்கோவால தோண்டப் போறீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது.

"இல்லை அக்கா, ஒரு சாண் மட்டும் வெட்டிப் பாக்கிறன்."

வெட்டிய சுவரில் மேலிருந்து கீழாகக் கருவியை வைத்துப் பார்த்தாள். மேலே நாலு விரல் ஆழத்துக்குத்தான் நஞ்சு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, தேயிலைக் காட்டின் பழைய நல்ல மண். கஜாலினி குந்தியிருந்தபடியே யோசித்தாள். நிலத்துக்குள்ளிருந்து வந்திருந்தால் கீழே கூடுதலாக இருக்க வேண்டும். இது மேலிருந்து விழுந்தது. அதுவும் அண்மையில்தான் விழுந்திருக்கிறது. பிறகு பாத்தி நெடுகிலும் நடந்து நடந்து கருவியை வைத்தாள். பின்பக்கக் குசினிச் சுவரை நெருங்க நெருங்க எண் ஏறியது. விலக விலகக் குறைந்தது. கறிவேப்பிலையடியில் ஏகத்துக்கு ஏறியது. கறிக்கு வாசனையிடும் ரம்பைச் செடிப் பற்றைக்கு அப்பால் கிட்டத்தட்ட இல்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

"நனையாம உள்ளுக்கு வாங்க மிஸ்" என்று ஆஸியா உம்மா கூப்பிட்டார். "பிளேன்டீ ஊத்துறேன். இஞ்சி போட்டு."

முன்பக்கத்துக் குசினியில் கேஸ் அடுப்பு இருந்தது. ஆனால் ஆஸியா உம்மா அவளைப் பின்பக்கம் தகரம் அடித்த சிறிய சமையலறைக்குத்தான் கூட்டிப்போனார். அங்கே விறகடுப்பு. சோறும் இறைச்சியும் விறகில் வெந்தால்தான் மர்சூக்குக்குப் பிடிக்குமாம். கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் புதிதாக ஒரு விறகைச் சொருகி, கேத்தலை வைத்தார். கஜாலினி துவாயால் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு நெருப்பைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

சுவாலையின் நடுப்பகுதி மஞ்சள்தான். ஆனால் விறகைத் தொட்டுக்கொண்டிருந்த அடியிலும் ஓரங்களிலும் பச்சை. இளம் வாழைக்குருத்துப் பச்சை. இடையிடையே நீலம்.

"அக்கா, இந்த நெருப்பு எப்பவும் இப்பிடித்தான் எரியுமோ?"

ஆஸியா உம்மாவின் முகம் மலர்ந்தது. யாரும் கவனிக்காத ஒன்றை இன்னொருத்தியும் கவனித்துவிட்ட சந்தோஷம் அது. "பாத்தீங்களா? அழகா இரிக்கி இல்லையா? மத்த வெறகு மஞ்சளாத்தான் எரியும். இது மட்டும் பச்சையா எரியிற. மகளுக்கிட்டச் சொன்னா சிரிக்கிறா. நான் இதுல குந்திக்கிட்டுச் சும்மா பாத்துக்கிட்டே இருப்பேன்."

"இது எங்கத்தைய விறகு?"

"யாட்டுப் பழைய கொட்டிலுக்குள்ள கெடந்த கம்பத் துண்டு. கேஸ் இல்லாத காலம் ஒண்டு வந்திச்சே, எல்லாரும் சிலிண்டரத் தூக்கிக்கிட்டு லைன்ல நிண்ட. அப்ப இவர் மெஷினால அறுத்துக் குடுத்தார். காய்ஞ்ச மரம், நல்லாப் பத்தும். இன்னும் அரைக் கொட்டில் இரிக்கி."

கஜாலினி எழுந்து, அடுப்பில் சேராமல் பக்கத்தில் கிடந்த ஒரு துண்டில் முனையை வைத்தாள். எண் பாய்ந்தது. பிறகு அடுப்பின் ஓரத்தில் குவிந்திருந்த சாம்பலில் வைத்தாள். இத்தனை வருட வேலையில் அப்படி ஓர் எண்ணை அவள் பார்த்ததில்லை.

அந்தக் கணத்தில் அவளுக்குள் எழுந்தது மகிழ்ச்சிதான். கிடைத்துவிட்டது! நஞ்சு மேட்டுக்கு எப்படி ஏறியது? விறகாக ஏறியது. இவர்கள் கையாலேயே தூக்கி வந்தார்கள். மேலிருந்து எப்படி விழுந்தது? சாம்பலாக விழுந்தது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது. சிரித்தபடி நிமிர்ந்தவள், இஞ்சி தட்டிக்கொண்டிருந்த ஆஸியா உம்மாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"சாம்பலை என்ன செய்யிறனீங்கள் அக்கா?"

"செடிக்குப் போடுற. கறிவேப்பிலைக்குப் போட்டாத் தளதளண்டு வரும். மிச்சத்தில சட்டி பானை தேய்க்கிற."

சுவரோடு கவிழ்த்து வைத்திருந்த அலுமினியச் சட்டிகள் பளபளவென்று மின்னின. ஆஸியா உம்மா தேநீரை நீட்டினார். கஜாலினி வாங்கினாள். குடிக்கவில்லை. பக்கத்துப் பலகையில் மெதுவாக வைத்தாள்.

ஆஸியா உம்மா கோப்பையைப் பார்த்தார். பிறகு கருவியைப் பார்த்தார். "இதுலயா இரிக்கி?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"கீழ குழிக்குள்ள இருந்ததா?"

"அதுதான். முதல்ல அந்த நெருப்பை அணைப்பம். புகையில நிக்காதேங்கோ. வெளியில வாங்கோ, சொல்லுறன்."

கடையிலிருந்து மர்சூக் ஓடி வந்தார். முன்விறாந்தையில் மூவரும் இருந்தார்கள். மழை ஓய்ந்திருந்தது. மர்சூக்கால் நம்ப முடியவில்லை. "அது கரண்ட் கம்பம் மிஸ். ஊர் ஊரா நட்டு வச்சிருந்த. அதுக்குக் கீழதானே எல்லாரும் நடந்து திரிஞ்ச. ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல்லயே?"

"நிக்கிற கம்பம் அவ்வளவு பிரச்சினை இல்லை நானா. மருந்து மரத்தோட ஒட்டிக்கொண்டு கிடக்கும். எரிச்சாத்தான் ஆபத்து. மரம் புகையாப் போயிடும், ஆசனிக்கில கொஞ்சம் புகையோட வரும், மிச்சமெல்லாம் சாம்பலில நிக்கும். ஒரு பெரிய அடுக்கு விறகில பரவிக் கிடந்தது ஒரு வாளிச் சாம்பலுக்குள்ள வந்து சேர்ந்திடும்."

மர்சூக் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுத்துக் கொடுத்த கைகள்.

ஆஸியா உம்மா தன் உள்ளங்கைகளை விரித்து நீட்டினார். அரிசி போலச் சின்னச் சின்னதாய்க் கடினமான பருக்கள். "இது வேலை செஞ்ச கை எண்டு நெனச்சேன். விரல் நுனியெல்லாம் விறைக்கிற. சீனி வருத்தமா இருக்கும் எண்டு டொக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தார். சீனி இல்ல எண்டு செல்லிட்டார். அப்ப என்ன எண்டு அவருக்கும் தெரியல்ல. இது அதுவா மிஸ்?"

"நான் டொக்டர் இல்லை அக்கா. ஆனா இதைத்தான் முதல்ல சோதிக்கச் சொல்லுவன். நாளைக்கே போவம். நானும் வாறன், டொக்டருக்கு இந்த எண்களைக் காட்ட வேணும்."

மறுநாள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விடுதியிலிருந்து இல்மாவும் வந்துவிட்டாள். குடும்பத்தில் மூவரும் ஆஸ்பத்திரியில் சிறுநீரும் வெட்டிய நகமும் கொடுத்தார்கள். முடிவு வந்தபோது எல்லோரிலும் கூடுதல் ஆஸியா உம்மாவுக்குத்தான். அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க இருந்தவர் அவர். மதியச் சாப்பாட்டைக் கடைக்குப் பக்கத்திலேயே சாப்பிடும் மர்சூக்குக்கு அதைவிடக் குறைவு. வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வரும் இல்மாவுக்குக் கொஞ்சம்தான். பெரும்பாலும் உடம்பு தானே வெளியேற்றிவிடும் என்றும், இனி ஒரு துளியும் உள்ளே போகாமல் பார்க்க வேண்டும் என்றும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றும் டொக்டர் சொன்னார். கையிலுள்ள பருக்கள் போகலாம், போகாமலும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.

திரும்பி வந்த வான் வண்டி திகனச் சந்தியைத் தாண்டியது. ஆஸியா உம்மா திடீரென்று கணவரின் கையைப் பிடித்தார். "நாங்க வெறகு குடுத்தோமே."

மர்சூக் முகம் வெளிறியது.

"ஆருக்கு அக்கா?" என்றாள் கஜாலினி.

"கேஸ் இல்லாத நேரம். குசுமா வீட்டுக்கு ஒரு கட்டு. மேல லயத்து அழகேஸ்வரிக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் றீற்றா மிஸ்ஸுக்கு ரெண்டு தரம், அவட வீட்டில சின்னப் புள்ள, தண்ணி சுட வைக்க ஒண்ணும் இல்ல எண்டு. நானாத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"நீங்க போக வேணாம். நானும் இந்த மிஸ்ஸும் போய்ச் சொல்லுறோம்" என்றார் மர்சூக்.

"குடுத்தவ நான். நான்தான் போகணும்."

அன்று பின்னேரமே போனார்கள். கஜாலினி கருவியைத் தூக்கிக்கொண்டாள், ஆஸியா உம்மா வெறுங்கையோடு நடந்தார். ஆஸியா உம்மா கொடுத்த விறகுக் கட்டைக் குசுமா அந்த மாதமே எரித்து முடித்திருந்தார். அடுப்பில் கருவி ஒன்றும் பெரிதாகக் காட்டவில்லை. சிங்களத்தில் ஆஸியா உம்மா தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்க, குசுமா அவருடைய உள்ளங்கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்டார். தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லயத்தில் அழகேஸ்வரி அந்தத் துண்டுகளைக் கோழிக்கூட்டுக்குக் கால் நட்டிருந்தார். பிடுங்கிக்கொண்டு போக ஆள் அனுப்புவதாகக் கஜாலினி சொன்னதும், "வேற கட்டை தருவீங்களா?" என்பது ஒன்றே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

றீற்றாவின் வீட்டில் அப்படி இல்லை. அவர் பாடசாலை ஆசிரியை, மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். உள்ளே பிள்ளை சத்தமாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது.

"பால்மாவுக்கு அந்த நெருப்பிலதான் தண்ணி சுட வச்சனான்" என்றார். "ஒவ்வொரு நாளும்."

"தெரியாம நடந்திட்டு மிஸ்" என்றார் ஆஸியா உம்மா.

"தெரியாமத்தான். எனக்கு விளங்குது. ஆனா இப்ப நான் ஒண்டும் கதைக்க ஏலாது. போயிட்டு வாங்கோ."

கதவு சாத்தப்பட்டது. திரும்பி வரும்போது ஆஸியா உம்மா வீதியோர மதகில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். கஜாலினி கருவியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து றீற்றா தானாகவே யாட்டுக்கு வந்தார். கையில் ஒரு உரப்பை. பழைய அடுப்படியைச் சுரண்டி எடுத்த சாம்பலும் கரியும் அதற்குள் இருந்தன. பிள்ளையைச் சோதித்தாயிற்று என்றும், பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதாகவும் கஜாலினியிடம் சொன்னார். பிறகு பையை அவளிடம் கொடுக்காமல் ஆஸியா உம்மா நின்ற இடத்துக்கே கொண்டுபோய், "இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். இருவரும் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போனார்கள்.

வேலை இரட்டிப்பாயிற்று. பின்பக்கச் சமையலறையைப் பிரித்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு கூரைத் தகரத்தின் புகைக்கரியைச் சுரண்டினார்கள். சட்டி பானைகள் போயின. கீரைப் பாத்தியும் கறிவேப்பிலையும் போயின. அழகையா பெக்கோவை வெகு கவனமாக, சுவரில் இடிக்காமல், மேல்மண்ணை மட்டும் வழித்து எடுத்தார். கீழே குழிக்குப் பக்கத்தில் கனமான கறுப்புப் பிளாஸ்ரிக் தாள் விரித்து, கொங்கிறீற் பெட்டி ஒன்று கட்டி, மண்ணையும் சாம்பலையும் சீமெந்தோடு குழைத்து அதற்குள் நிரப்பினார்கள். கொட்டிலில் மிஞ்சிக் கிடந்த கம்பத் துண்டுகளும் அதற்குள்ளே போயின.

மர்சூக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன வருஷத்தில இது அழியும் மிஸ்?"

"அழியாது நானா."

"அழியாதா? பிளாஸ்ரிக்கே அழியும் எண்டு சொல்றாங்களே."

"பிளாஸ்ரிக் உடைஞ்சு வேறொண்டா மாறலாம். ஆசனிக் எண்டுறது ஒரு மூலகம். எரிச்சாலும் அரைச்சாலும் அது ஆசனிக்தான். இல்லாமல் செய்ய ஏலாது. எங்க வைக்கிறது எண்டு மட்டும்தான் நாங்கள் முடிவெடுக்கலாம்."

மர்சூக் வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தை இனிக் கொஞ்சம் தள்ளித்தான் கட்ட வேண்டும். அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தான் போன பிறகும், இல்மா போன பிறகும், அவள் பிள்ளைகளும் போன பிறகும் இது இங்கேயே இருக்கும் என்பதுதான் அவரைக் குடைந்தது. "அப்ப இதுக்கு மேல ஒரு கல்லு வைக்கணும்" என்றார். "எழுதி."

கல்லில் என்ன எழுதுவது என்பதில் அன்று மத்தியானம் முழுக்கக் கழிந்தது. 'ஆபத்து, தோண்டாதீர்கள்' என்று மூன்று மொழியிலும் எழுதினால் போதும் என்றாள் கஜாலினி. வழக்கமாக அப்படித்தான் எழுதுவது.

"தோண்டாத எண்டு எழுதினா நானே தோண்டிப் பாப்பேன்" என்றார் மர்சூக். "புதையல் இரிக்கி எண்டு நெனப்பாங்க."

"மண்டை ஓடு கீறலாம்" என்றாள் இல்மா.

"அது இன்னும் மோசம். அப்ப நிச்சயமாத் தோண்டுவாங்க" என்றார் அழகையா, இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆஸியா உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்டையும் ஒளிக்காம எழுதுங்க" என்றார். "இங்க மரத்துக்கு மருந்து ஏத்தினாங்க, அந்த மரத்த எரிச்சா இன்ன மாதிரி வரும், எரிச்சவங்களுக்கு இன்ன மாதிரி வந்திச்சு, அதனால இதுக்குள்ள போட்டு மூடினோம். அப்பிடி முழுசாச் செல்லிட்டா ஏன் தோண்டப் போறாங்க? தெரியாததத்தானே ஆளுகள் தோண்டிப் பாக்குற."

கஜாலினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். இல்மா அதைச் சிங்களத்தில் எழுதினாள். கஜாலினி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியபோது மர்சூக் இரண்டு இடத்தில் திருத்தினார். பச்சை நெருப்பைப் பற்றியும் ஒரு வரி வேண்டும் என்று ஆஸியா உம்மா பிடிவாதமாக நின்றார். அந்த வரியும் சேர்ந்தது.

கண்டியில் கல் வெட்டுபவரிடம் தாளை நீட்டியபோது, அவர் மேலும் கீழும் வாசித்துவிட்டு, இவ்வளவும் அவர்கள் தெரிந்தெடுத்த கல்லில் கொள்ளாது என்றார்.

"அப்ப பெரிய கல்லாக் காட்டுங்க" என்றார் மர்சூக்.